பக்கற்றின் பின்பக்கம்

இவருக்குப் பிரஷர். உப்பைக் குறைக்கும்படி வைத்தியர் சொன்னதால் மிக்சரை விட்டவர், சென்ற வாரம் ‘எண்ணெயில் பொரிக்காதது, கொலஸ்ட்ரோல் அற்றது’ என்று எழுதிய உருளைக்கிழங்குச் சிப்ஸ் பக்கற் ஒன்றைக் கூடுதல் விலைக்கு வாங்கிவந்தார்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பின்பக்கத்தை வாசித்தேன். உருளைக்கிழங்கிலும் மரக்கறி எண்ணெயிலும் கொலஸ்ட்ரோல் எப்போதுதான் இருந்தது, சகோதரிகளே? கொழுப்பு குறைவு, அது உண்மைதான். பொரித்ததில் 100 கிராமுக்கு 30 கிராமைத் தாண்டும். போறணையில் சுட்டதில் ஏறக்குறையப் பாதி. உப்புத்தான் குறைந்தபாடில்லை. அதையும் சோடியம் என்றே போட்டிருந்தார்கள். இரண்டரையால் பெருக்கிப் பாருங்கள்: 600 மில்லிகிராம் சோடியம் என்றால் ஒன்றரைக் கிராம் உப்பு. நாள் முழுவதற்குமே 5 கிராமுக்குக் குறைவாக என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

இவரோ தொலைக்காட்சிக்கு முன்னால் ஒரே இருப்பில் பக்கற்றை முடித்துவிட்டு, “கொழுப்பில்லைத்தானே” என்கிறார்!

இப்போது கடலை அவிக்கிறேன். உப்பில்லை, செத்தல் மிளகாயும் தேங்காய்ச் சொட்டும் போட்டுத் தாளிப்பேன். முதல்நாள் முகத்தைச் சுளித்தார்.