முதல் பிரஸ் மெதுவான பிரஸ்ஸா இருக்கட்டும்

ஆணி புடுங்கற கதையையே எழுதி எழுதி எனக்கே போரடிக்குது. அதனால இன்னைக்கு வேற மேட்டர். வீட்லயே உக்காந்து கைத்துப்பாக்கித் தோட்டாவை ரீலோட் பண்றது.

ஊர்ல இருக்கற மக்கள் பதறாதீங்க. அங்க 1959 ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாம தோட்டா தயாரிச்சா கம்பி எண்ணணும். அமெரிக்காவுல சொந்த உபயோகத்துக்குப் பண்ண ஃபெடரல் லைசென்ஸ் தேவையில்லை. விக்கறதைத் தொழிலா செஞ்சாத்தான் வேணும். என்னை மாதிரி டெக்ஸஸ்ல இருக்கறவனுக்கு கராஜ்ல ஒரு கெட்டியான மேஜை போதும். ஆனா எச்1பி நண்பர்களே, வேட்டை லைசென்ஸ் மாதிரி சில விதிவிலக்கு தவிர நீங்க துப்பாக்கி மட்டுமில்ல, தோட்டாவே வச்சுக்கக் கூடாது. பச்சை அட்டை கைக்கு வர்ற வரைக்கும் நானும் வேடிக்கை மட்டும்தான் பார்த்தேன்.

புதுசா வர்றவங்க கேக்கற முதல் கேள்வி, "எவ்ளோ மிச்சமாகும்?" ரெண்டாவது, "மணிக்கு எத்தனை போடலாம்?" அதுக்கு ரேஞ்சுல பழம் தின்னு கொட்டை போட்டவங்க சொல்ற பதில்: "எப்படியும் ஒருநாள் ப்ரோக்ரஸிவ் பிரஸ் வாங்கத்தான் போறே. இப்பவே வாங்கிடு தம்பி." இந்த அறிவுரையோடதான் எனக்குச் சண்டை.

தெரியாதவங்களுக்குச் சுருக்கமா. ஒரு தோட்டாவுல நாலே சமாச்சாரம். பித்தளைக் கூடு, அடியில ப்ரைமர், உள்ள மருந்து, மேல குண்டு. சுட்டதுக்கு அப்புறம் மிஞ்சறது கூடு மட்டும். அதைக் கழுவித் துடைச்சு, பழைய ப்ரைமரைத் தள்ளி, வெடிச்சு விரிஞ்சதைப் பழைய அளவுக்கு அமுக்கி, வாயை லேசா விரிச்சு, புது ப்ரைமர் வச்சு, மருந்து போட்டு, குண்டை உக்கார வச்சு, வாயை மூடணும். எல்லாத்தையும் செய்யறது டைன்னு சொல்ற எஃகு அச்சுகளும், அதை அழுத்தற பிரஸ்ஸும்தான்.

(நடுவுல ஒரு துணுக்கு. ப்ரைமர்ல ரெண்டு ஜாதி. பெர்டன் கண்டுபிடிச்சவர் அமெரிக்கர், பாக்ஸர் கண்டுபிடிச்சவர் ஆங்கிலேயர். ஆனா அமெரிக்காவுல ஓடறது பாக்ஸர், ஐரோப்பாவுல நிறைய ஓடினது பெர்டன்! கூட்டுக்குள்ள எட்டிப் பாருங்க. நடுவுல ஒரே ஓட்டைன்னா பாக்ஸர், வச்சுக்கலாம். ரெண்டு சின்ன ஓட்டைன்னா பெர்டன், தூக்கிப் போட்டுடுங்க. இல்லேன்னா டைக்குள்ள இருக்கற ஊசி உடையும்.)

சிங்கிள் ஸ்டேஜ் பிரஸ்ல ஒரு நேரத்துல ஒரு டை, ஒரு கூடு. அம்பது கூட்டுக்கும் ஒரே வேலையை முடிச்சிட்டு அடுத்த டையை மாட்டணும். ப்ரோக்ரஸிவ்ல வட்டமா நாலஞ்சு கூடு நிக்கும். ஒவ்வொண்ணுக்கும் வேற வேற வேலை நடக்கும். ஒரு இழுப்புக்கு ஒரு தோட்டா வெளிய வந்து விழும். பார்க்க ஜோரா இருக்கும். ஆனா நடுவுல ஏதோ சிக்கிக்கிட்டு நின்னுச்சுன்னு வைங்க. ஒண்ணை வெளிய எடுப்பீங்க, தட்டைக் கொஞ்சம் திருப்புவீங்க, கைப்பிடியை மறுபடி அழுத்துவீங்க. இப்ப எந்தக் கூட்டுல மருந்து விழுந்துச்சு, எதுல விழலை? புதுசா வந்தவனுக்கு அந்த நேரத்துல ஒவ்வொரு ஸ்டேஷனும் என்ன செய்யுதுன்னே முழுசா பழகியிருக்காது. சரியா அங்கதான் ரெட்டை மருந்து விழும்.

.38 ஸ்பெஷல்னு ஒரு தோட்டா. 1898-ல வந்தது, கரிமருந்துக்காக அளவெடுத்த கூடு. ஆரம்பிக்கறவங்களுக்கு நல்லதுன்னு எல்லாரும் சொல்வாங்க, நானும் சொல்வேன். நேர்ச்சுவர், கார்பைடு டை போட்டா எண்ணெய் தடவ வேணாம். ஆனா இப்ப நாம போடற புகையில்லா மருந்து அந்தக் கூட்டுல அடியில கொஞ்சமா கிடக்கும். ரெண்டு தடவை போட்டாலும் வழியாது. குண்டை வச்சு மூடிட்டா வெளிய ஒண்ணுமே தெரியாது. இந்தத் தோட்டாவுக்கு அனுமதிச்ச உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 17,000 பவுண்டு. மருந்து ரெண்டு மடங்கானா அழுத்தம் ரெண்டு மடங்கோட நிக்காது, எகிறிடும். போறது துப்பாக்கியோட சேர்த்து விரலும் கண்ணும்.

சிங்கிள் ஸ்டேஜ்ல என்ன பண்ணலாம்னா, மருந்து போட்ட அம்பது கூட்டையும் பல்லாங்குழி மாதிரி குழி போட்ட ஒரு பலகையில நிக்க வச்சு, டார்ச் அடிச்சு ஒவ்வொண்ணா உள்ள பார்க்கலாம். எல்லாத்துலயும் மருந்து ஒரே மட்டத்துல இருக்கணும். ஒண்ணு தூக்கலா இருந்தா கண்ணு உடனே பிடிச்சிடும். காலியா இருந்தாலும் அப்படித்தான். இந்த டார்ச் வேலைக்கு ரெண்டு நிமிஷம் ஆகும். மீதி வேலையெல்லாம் கம்பெனிகள் நம்மளைவிட நல்லாவே செய்யுது.

காலியா போனா வெடிக்காது, அவ்ளோதானேன்னு நினைக்காதீங்க. ப்ரைமர் ஒண்ணே குண்டைத் தள்ளிக் குழலுக்குள்ள மாட்டி வச்சிடும். போன வருஷம் ரேஞ்சுல பக்கத்து லேன்ல ஒருத்தர், கையில ரிவால்வர், மச்சான் போட்டுக் கொடுத்த தோட்டா. 'டமால்' வர வேண்டிய இடத்துல 'டப்'னு ஒரு சத்தம். அவர் அடுத்ததைச் சுட விரலை வைக்கறதுக்குள்ள ரேஞ்ச் ஆபீசர் கத்தி நிறுத்திட்டார். குழலுக்குள்ள பாதியில குண்டு. இன்னொண்ணு பின்னாடி வந்திருந்தா குழல் பிளந்திருக்கும். அன்னைலேர்ந்து அடுத்தவன் போட்ட தோட்டாவை நான் சுடறதில்லை. என்னோடதை யாருக்கும் கொடுக்கறதும் இல்லை. கோவிச்சுக்கிட்ட நண்பர்கள் உண்டு, பரவால்லை.

சரி, காசு. மருந்து எடையை கிரெயின்ல சொல்வாங்க. ஒரு கிரெயின்னா நம்ம ஆசாரி தராசுல வைக்கற குன்றிமணியில ஏறக்குறைய பாதி. ஒரு பவுண்டுக்கு 7,000 கிரெயின். தோட்டாவுக்கு அஞ்சுன்னு வச்சாக்கூட 1,400 தோட்டா வரும். ஆகா மலிவுன்னு தோணும். ஆனா 2020-ல கொரோனா வந்தப்ப 3, 4 சென்ட் வித்துக்கிட்டிருந்த ப்ரைமர் கடையிலயே கிடைக்கலை. 9 மில்லிமீட்டர் மட்டும் சுடறவங்களுக்குப் பெரிசா மிச்சமாகாது, அது பெட்டியிலயே மலிவு. .38 மாதிரி விலை கூடினதுக்கு ஏதோ நிக்கும். மிச்சமானதையும் கூடச் சுட்டே தீர்ப்போம்ங்கறது வேற விஷயம் :-)

வெர்னியர் காலிப்பர் வாங்குங்க. முதல் வருஷ லேப்ல எதுக்குடா இதுன்னு திட்டினது இப்பதான் உதவுது. தராசு ஒண்ணு, லைமன் இல்லேன்னா ஹார்னடி புத்தகம் ஒண்ணு. பிரஸ்ஸுக்கு முன்னாடி புத்தகம். மேஜை மேல எப்பவும் ஒரே ஒரு மருந்து டப்பாதான் இருக்கணும். டப்பாவை மாத்தி ஊத்தி வைக்கக் கூடாது. வீட்ல எவ்ளோ வைக்கலாம்ங்கறதுக்கு என்.எஃப்.பி.ஏ. 495-னு ஒரு தீத்தடுப்பு விதி இருக்கு: சாதாரணமா 20 பவுண்டு மருந்து, 10,000 ப்ரைமர். உங்க ஊர், அபார்ட்மெண்ட் விதி இதைவிடக் கடுமையா இருக்கலாம்.

குழந்தை இருக்கற வீடுன்னா இன்னொண்ணு. சுட்ட கூட்டுல இருக்கற கரியில ப்ரைமரோட ஈயம் இருக்கு. டம்ளர் மெஷின்ல போட்டு உருட்டறப்ப அது தூசியாப் பறக்கும். எங்க தங்கமணி போட்ட ஒரே கண்டிஷன் இது: டம்ளர் கராஜைத் தாண்டி உள்ள வரக்கூடாது, நான் கை கழுவி சட்டையை மாத்தாம பாப்பாவைத் தூக்கக் கூடாது. அப்பீல் கிடையாது. சரின்னுட்டேன்.

ப்ரோக்ரஸிவ் வாங்கவே கூடாதுன்னு நான் சொல்லலை. ஆயிரம் தோட்டா ஒத்தை ஒத்தையா போட்டு, ஒவ்வொரு டையும் கைக்குப் பழகினதுக்கு அப்புறம் வாங்குங்க. அப்பவும் பழைய சிங்கிள் ஸ்டேஜை வித்துடாதீங்க. நல்ல வார்ப்பிரும்பு பிரஸ் நம்ம பேரன் காலம் வரைக்கும் தாங்கும்.

டிஸ்கி: எந்த மருந்து, எத்தனை கிரெயின்னு பின்னூட்டத்துல கேக்காதீங்க, சொல்ல மாட்டேன். யாராவது சொன்னாலும் தூக்கிடுவேன். புத்தகத்துல இருக்கு, அதுல குறைஞ்ச அளவுலேர்ந்து ஆரம்பிங்க. மத்தபடி கும்மிக்குத் தடையில்லை.