பதியாத உழைப்பு

உழைத்து ஈட்டிய பொருளைக் காவாது விட்டவன் ஈட்டாதவனினும் மிகுதியாய் வருந்துவான். இவ்வுண்மை கணினி நிரல் எழுதுவார்க்கும் ஒக்கும். நம் கல்லூரி மாணவர் பலர் இந்நாளில் இருவர் மூவராய்க் கூடி, கிட் என்னும் பதிப்புக் கட்டுப்பாட்டுக் கருவியின் துணைகொண்டு நிரல் இயற்றி வருகின்றனர். அவருள் ஒருவரின் உழைப்பு நொடிப்பொழுதில் அழியக் கண்டமையால் இதனை எழுதத் துணிந்தோம்.

செய்முறைத் தேர்வுக்கு முந்திய இரவு அம்மாணவர் தம் தோழர் எழுதிய பகுதியைத் தம் கணினிக்குக் கொணர முயன்றார். மூன்று நாட்களாகத் தாம் செய்த திருத்தங்களை அவர் பதிந்திருக்கவில்லை. அவை அழிந்துபடும் என்றும், முதலில் பதிய அல்லது ஒதுக்கிவைக்க வேண்டும் என்றும் எச்சரித்துக் கருவி நின்றுவிட்டது. அதனை வெறுந் தடையென்று எண்ணி, எவரோ சொல்லக் கேட்டிருந்த ‘ரீசெட் ஹார்ட்’ என்னும் ஆணையை அவர் இட்டார். தடை நீங்கிற்று, மூன்று நாள் உழைப்பும் உடன் நீங்கிற்று.

முன்னைய கருவிகளாகிய சி.வி.எஸ்., சப்வெர்ஷன் ஆகியவை புதுப்பிக்கும்போது, பிறர் மாற்றத்தை நம் பதியாத திருத்தத்தோடு அவ்விடத்தே கலந்துவிடும். 2005ஆம் ஆண்டில் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் கெர்னல் பணிக்கென ஆக்கிய கிட் அங்ஙனம் செய்வதில்லை. வரும் மாற்றம் நாம் திருத்திப் பதியாதிருக்கும் கோப்பையே தொடுமாயின், அஃது இணைக்க மறுக்கும். இம்மறுப்புப் பகையன்று, காவலே யாகும்.

அந்நிலையில் பலரும் நாடுவது ‘ஸ்டாஷ்’ என்னும் ஆணை. அது திருத்தங்களைப் பரணில் ஏற்றி, கோப்புகளைப் பழைய நிலைக்குக் கொணரும். புதுப்பித்தபின் அவற்றை மீள இறக்கிக்கொள்ளலாம். இறக்குங்கால் முரண் தோன்றின், பரணிலுள்ள படி அழியாது நிற்கும். ஆயினும் கிட் இன்னும் கண்காணியாத புதுக்கோப்புகளை, நாம் தனியே கேட்டாலன்றி, அது எடுத்து வையாது. பரணில் ஏற்றியதை மறப்பதும் மனித இயல்பு. ஆதலின் சிறு பொழுதுக்கே அது தக்கது.

பதிந்த பின்னரே புதுப்பித்தல் வேண்டும் என்பதே எம் துணிபு. ‘அரைகுறை வேலையை எங்ஙனம் பதிவது? பிறர் நகையாரோ?’ என்று சிலர் வினவுவர். இவ்வச்சம் பதிதலையும் வெளியிடுதலையும் ஒன்றென மயங்குவதால் எழுவது. கிட்டில் ‘கமிட்’ செய்வது நம் கணினியளவில் நிற்பது. ‘புஷ்’ செய்யுமளவும் பிறர் காணார். அதற்கு முன் பல பதிவுகளை ஒன்றாக்கலாம், குறிப்புரையையும் திருத்தலாம். பதிந்ததொன்று பின்னர்த் தவறி விலகிப்போயினும், ‘ரெஃப்லாக்’ என்னும் நாட்குறிப்பின் வழியே, இயல்பான அமைப்பில் 30 நாள் வரை மீட்க வாய்ப்புண்டு. ஒருமுறையும் கிட்டிடம் ஒப்புவிக்கப்படாத வரியை மீட்டுத் தருதல் கிட்டால் இயலாது.

மற்றொன்றும் உண்டு. இணைப்பு சிக்கலானால் ‘மெர்ஜ் அபார்ட்’ என்னும் ஆணையால் பின்வாங்கலாம். ஆனால் பதியாத மாற்றங்களோடு தொடங்கியிருப்பின், சிலபோது அவற்றை மீள அமைக்க இயலாது என்று கிட்டின் கையேடே எச்சரிக்கின்றது.

ஆதலின், மாணவர்காள், இம்முறையைக் கைக்கொள்ளுங்கள். முதலில் ‘ஸ்டேட்டஸ்’ கேட்டு நிலையறிக. உம் திருத்தங்களைப் புதுக்கோப்புகளோடு உமக்குரிய கிளையிற் பதிக. பின் ‘ஃபெட்ச்’ செய்து பிறர் மாற்றத்தை நோக்கி, அதன் பின்னரே இணைக்க. இதற்குச் செல்வது ஓரிரு நிமிடமே.

தோழரின் உழைப்பை வரவேற்பது நன்று. எனினும் நம் உழைப்புக்கு ஓரிடம் செய்துவிட்டே அவர்க்குக் கதவு திறத்தல் வேண்டும். கருவி எச்சரிக்கும்போது ஒரு கணம் நின்று படிப்பவர், அவ்விரவில் எம் மாணவர் இழந்ததை இழவார்.