காத்திருப்போர் பட்டியல் சொல்லாத கணக்கு

ரயில் பயணத்துக்கு டிக்கெட் எடுத்துப் பழகிய இந்தியர்களுக்கு வெயிட்டிங் லிஸ்ட் என்பது அன்றாட சமாசாரம். ஒரு பயணிக்கு ஓர் எண். வண்டி கிளம்புவதற்குள் எண் குறைகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அமெரிக்காவில் பள்ளிக்கூடங்களுக்கே இப்படி ஒரு பட்டியல் இருக்கிறது. ஆனால் அந்தப் பட்டியலில் எத்தனை குழந்தைகள் இருக்கிறார்கள் என்ற எளிய கேள்விக்கு நேரான பதில் கிடைப்பதில்லை. கேள்வி கேட்பவர் எந்தக் கட்சி என்பதைப் பொறுத்து விடை லட்சக்கணக்கில் மாறுகிறது.

சார்ட்டர் பள்ளிகள் என்று அழைக்கப்படும் இவை விசித்திரமான பிறவிகள். பணம் அரசாங்கத்துடையது. மாணவர்களிடம் கட்டணம் வாங்கக் கூடாது. ஆனால் நடத்துவது அரசு அல்ல. தனி அறக்கட்டளையோ அமைப்போ ஓர் ஒப்பந்தத்தின் பேரில் நடத்துகிறது. பாட வேளை, ஆசிரியர் நியமனம், கற்பிக்கும் முறை ஆகியவற்றில் சுதந்திரம் அதிகம். அதற்கு ஈடாக, தேறவில்லை என்றால் ஒப்பந்தத்தை ரத்து செய்து பள்ளியை மூடிவிடலாம்.

இந்த யோசனையை 1988ல் பிரபலப்படுத்தியவர் ஆல்பர்ட் ஷேங்கர். அமெரிக்க ஆசிரியர் சம்மேளனத்தின் தலைவர். ஆசிரியர்களே புதுமைகளைச் சோதித்துப் பார்க்கும் பள்ளிகளை அவர் கற்பனை செய்தார். 1991ல் மின்னசோட்டா மாநிலம் சட்டம் இயற்றியது. அடுத்த ஆண்டு செயின்ட் பால் நகரில் முதல் பள்ளி திறந்தது. பின்னர் தனியார் நிர்வாகிகளும் நன்கொடைக் கோடீசுவரர்களும் உள்ளே வந்தார்கள். பிள்ளையார் பிடிக்கப்போய்க் குரங்கானது என்று ஷேங்கரே விலகிக்கொண்டார். இன்று ஆசிரியர் சங்கங்கள்தான் இப்பள்ளிகளின் முதல் எதிரி. ஆனால் பெற்றோர் விலகவில்லை. 2021-22ல் சுமார் 7,800 சார்ட்டர் பள்ளிகளில் 37 லட்சம் மாணவர்கள் படித்தார்கள்.

இடத்தைவிட விண்ணப்பம் அதிகமானால் என்ன செய்வது? மதிப்பெண் பார்த்துப் பொறுக்கி எடுக்க முடியாது. மத்திய அரசின் உதவித் தொகை பெறும் சார்ட்டர் பள்ளி, குலுக்கல் நடத்தியே தீர வேண்டும். ஏற்கனவே படிக்கும் மாணவரின் தம்பி, தங்கைக்கு முன்னுரிமை உண்டு. மற்றவர்களுக்கு அதிர்ஷ்டம்தான். 2010ல் வெளியான 'வெயிட்டிங் ஃபார் சூப்பர்மேன்' என்ற ஆவணப்படம் இந்தக் குலுக்கலை அமெரிக்காவின் கண்முன் நிறுத்தியது. உருளும் எண் பந்துகள், அவற்றையே வெறித்துப் பார்க்கும் தாய்மார்கள், தங்கள் எண் வராமல் எழுந்து போகும் குழந்தைகள். பார்த்தவர்கள் கலங்கினார்கள். ஐந்து வயதுக் குழந்தையின் எதிர்காலத்தைப் பந்து தீர்மானிப்பதா என்ற கோபம் நியாயமானது. அந்தக் கோபத்தை வைத்து அரசியல் நடத்த ஓர் எண்ணிக்கை தேவைப்பட்டது.

எண்ணிக்கை கிடைத்தது. நாடு முழுவதும் காத்திருப்போர் பட்டியல்களில் 10 லட்சத்துக்கும் அதிகமான பெயர்கள் இருப்பதாக 2014ல் சார்ட்டர் பள்ளிகளின் தேசியக் கூட்டமைப்பு அறிவித்தது. 'பெயர்கள்' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். ஒரு தாய் ஆறு பள்ளிகளுக்கு விண்ணப்பித்தால் அவருடைய ஒரே மகன் ஆறு பட்டியல்களில் ஆறு பெயராகிறான். ஒரு பள்ளியில் இடம் கிடைத்துப் போய்ச் சேர்ந்த பிறகும் மீதி ஐந்தில் அவன் காத்துக்கொண்டிருக்கலாம். இதைக் கூட்டமைப்பும் மறைக்கவில்லை. தனித்தனிக் குழந்தைகளாக எண்ணினால் சுமார் 6 லட்சம்தான் என்று அதே அறிவிப்பில் சொன்னது. ஆனால் மேடைகளில் ஒலித்தது 10 லட்சம்தான். அந்தக் கணக்கை நம்பக் கூடாது என்பதற்கு ஒன்பது காரணங்களை அடுக்கி, கொலராடோ பல்கலைக்கழகத்தில் இயங்கும் தேசியக் கல்விக் கொள்கை மையம் பதில் வெளியிட்டது. புகழ்பெற்ற அரசுப் பள்ளிகளுக்கும் நீண்ட காத்திருப்போர் பட்டியல்கள் உண்டே, அவற்றை யார் எண்ணுகிறார்கள் என்பது அவர்கள் கேட்ட கேள்விகளில் ஒன்று.

இந்தச் சண்டை உச்சத்துக்குப் போன இடம் மாசச்சூசட்ஸ். 1993ல் சட்டம், 1995ல் முதல் பள்ளிகள் என்று தொடங்கிய மாநிலம் அது. ஆனால் எத்தனை பள்ளிகள், மாவட்டப் பள்ளிச் செலவில் எத்தனை சதவிகிதம் என்று உச்சவரம்பு வைத்திருந்தது. ஆண்டுக்கு 12 புதிய பள்ளிகள் வரை அனுமதிக்கலாமா என்ற கேள்வி 2016 நவம்பரில் மக்கள் வாக்கெடுப்புக்கு வந்தது. 32,000 குழந்தைகள் காத்திருக்கிறார்கள் என்பதுதான் ஆதரவாளர்களின் கோஷம். ஆனால் இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே மாநிலத் தணிக்கை அதிகாரி சுசான் பம்ப், இந்தப் பட்டியல்களை நம்பிக் கொள்கை வகுக்க முடியாது என்று சொல்லியிருந்தார். சில பள்ளிகள் முந்தைய ஆண்டுகளின் பெயர்களை நீக்காமல் அப்படியே அடுத்த ஆண்டுக்கு எடுத்துச் சென்றிருந்தன. வேறு ஊருக்குக் குடிபோனவரும் காத்திருப்பவராகவே எண்ணப்படக்கூடிய நிலை.

வாக்கெடுப்பில் 62 சதவிகிதம் பேர் 'வேண்டாம்' என்றார்கள். ஏழைக் கறுப்பினக் குடும்பங்கள் பெருமளவில் விண்ணப்பிக்கும் பாஸ்டன் நகரிலும் அதே தீர்ப்பு. அந்த ஆண்டு கறுப்பின மக்களின் பழம்பெரும் உரிமை அமைப்பான என்.ஏ.ஏ.சி.பி., புதிய சார்ட்டர் பள்ளிகளை நிறுத்தி வைக்கக் கோரியிருந்தது. 'வேண்டும்' பிரசாரத்துக்குப் பணம் கொட்டிய ஓர் அமைப்பு நன்கொடையாளர்களின் பெயர்களை மறைத்ததற்காக 2017ல் 4 லட்சத்து 26 ஆயிரம் டாலருக்கும் அதிகமாகக் கட்ட நேர்ந்தது.

கணக்கு ஊதிப் பெருக்கப்பட்டது, வாக்காளர் நிராகரித்தார், கதை முடிந்தது என்று எழுந்துவிட முடியுமா? முடியாது. 10 லட்சம் பொய் என்றால் 6 லட்சம் மிச்சம். அந்த 6 லட்சமும் மிகை என்றாலும் பூஜ்யம் ஆகிவிடாது. அந்தக் குழந்தைகளுக்கு உண்மையில் ஏதாவது நஷ்டம் ஏற்பட்டதா என்பதுதான் அடுத்த கேள்வி.

வேடிக்கை என்னவென்றால், அதற்கு விடை தந்ததும் இதே குலுக்கல்தான். பள்ளிகளை ஒப்பிடுவதில் ஒரு பழைய சிக்கல் உண்டு. அக்கறையுள்ள பெற்றோர்தான் விண்ணப்பம் போடுகிறார்கள். அவர்களுடைய பிள்ளைகள் எங்கே படித்தாலும் நன்றாகப் படிக்கக்கூடும். ஆனால் குலுக்கலில் வென்றவர், தோற்றவர் இருவரின் பெற்றோரும் விண்ணப்பித்தவர்களே. இடையில் இருப்பது அதிர்ஷ்டம் மட்டுமே. ஆகவே பின்னாளில் இரு தரப்பின் மதிப்பெண்களை ஒப்பிட்டால் பள்ளியின் பங்கு தனியாகத் தெரியும். ஜோஷுவா ஆங்ரிஸ்ட், பராக் பாத்தக் முதலிய பொருளாதார நிபுணர்கள் பாஸ்டனில் இதைத்தான் செய்தார்கள். இயற்கையாக அமையும் இத்தகைய சோதனைகளைப் பயன்படுத்தும் முறைக்காக ஆங்ரிஸ்ட் 2021ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

2011ல் வெளியான அவர்களுடைய ஆய்வின்படி பாஸ்டன் சார்ட்டர் பள்ளிகளில் இடம் கிடைத்தவர்கள், குறிப்பாகக் கணக்கில், தெளிவாக முன்னேறினார்கள். ஆனால் 2013ல் வந்த அடுத்த ஆய்வு, அதே மாநிலத்தில் நகரங்களுக்கு வெளியே உள்ள சார்ட்டர் பள்ளிகளில் அந்த ஆதாயம் இல்லை என்றது. தவிர, குலுக்கல் ஆய்வு என்பது கூட்டம் மொய்க்கும் பள்ளிகளைப் பற்றி மட்டுமே பேசும். ஆள் சேராத பள்ளியில் குலுக்கல் ஏது? நாடு தழுவிய படமும் கலவையானது. 2009ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் கிரெடோ மையம், 17 சதவிகித சார்ட்டர் பள்ளிகள் மட்டுமே கணக்கில் அருகிலுள்ள அரசுப் பள்ளிகளை விஞ்சுவதாகவும் 37 சதவிகிதம் பின்தங்குவதாகவும் கண்டது. 2023ல் அதே மையம் சார்ட்டர் மாணவர்கள் சராசரியாகச் சற்று முன்னே இருப்பதாகச் சொன்னது. சார்ட்டர் என்ற பெயர்ப் பலகை எதற்கும் உத்தரவாதம் இல்லை. சில நகரங்களின் சில பள்ளிகளுக்கு வெளியே நிற்கும் குழந்தைக்கு மட்டும் நஷ்டம் நிஜமானது.

இன்னொரு ஆய்வு இந்த விவாதத்தையே புரட்டிப் போடுகிறது. பெர்க்லியைச் சேர்ந்த கிறிஸ்டோபர் வால்டர்ஸ், பாஸ்டனில் யார் விண்ணப்பிக்கிறார்கள் என்று ஆராய்ந்து 2018ல் எழுதினார். படிப்பில் பின்தங்கிய மாணவர்களுக்குத்தான் இப்பள்ளிகளால் அதிக லாபம். ஆனால் விண்ணப்பம் போடுவதில் அவர்களே கடைசி. காத்திருப்போர் பட்டியலின் பெரிய குறை, அதில் ஒரே பெயர் ஆறு முறை இருப்பது அல்ல. இருக்க வேண்டிய பெயர் ஒரு முறைகூட இல்லாமல் போவது. இரண்டு வேலை பார்க்கும் தாய், ஆங்கிலம் வராத தகப்பன், வாடகை கட்ட முடியாமல் ஆண்டுக்கு ஒரு வீடு மாறும் குடும்பம் ஆகியோருக்குக் கடைசித் தேதி எது என்பதே தெரியாது. ஆதரவாளர், எதிர்ப்பாளர் இரு தரப்புக் கணக்கிலும் இவர்கள் வருவதில்லை.

ரயில் உதாரணத்துக்குத் திரும்பினால் இன்னொரு முடிச்சும் புரியும். நடுவழியில் ஒருவர் இறங்கினால் அந்த பெர்த்தை டிக்கெட் பரிசோதகர் ஆர்.ஏ.சி. பயணிக்குக் கொடுக்கிறார். பள்ளியிலும் குழந்தைகள் நடுவில் விலகுகிறார்கள். அந்த இடம் காத்திருப்பவருக்குப் போக வேண்டும் அல்லவா? நியூயார்க்கின் பிரபலமான சக்சஸ் அகாடமி, நான்காம் வகுப்புக்கு மேல் புதியவர்களைச் சேர்ப்பதில்லை என்ற கொள்கையைப் பல ஆண்டுகள் கடைப்பிடித்தது. நடுவில் வருபவர்கள் மிகவும் பின்தங்கியிருப்பார்கள், வகுப்பின் வேகம் கெடும் என்பது வாதம். வாசலில் நீண்ட வரிசை, உள்ளே காலி நாற்காலி. வரிசையைக் காட்டிப் புதிய பள்ளிக்கு அனுமதி கேட்பவர்கள் நாற்காலிக்கும் கணக்குக் காட்ட வேண்டும்.

மறுபக்கத்துப் பயமும் கற்பனை அல்ல. குழந்தையோடு பணமும் நகர்கிறது. ஓர் ஊரின் பத்து அரசுப் பள்ளிகளிலிருந்து பள்ளிக்கு இரண்டு பேர் வீதம் இருபது பேர் சார்ட்டருக்குப் போனால் இருபது பேருக்கான பணம் போய்விடும். ஆனால் எந்தப் பள்ளியிலும் ஓர் ஆசிரியரையோ ஒரு பஸ்ஸையோ குறைக்க முடியாது. இழப்பு மிச்சமிருக்கும் குழந்தைகளின் தலையில் விழுகிறது. மாசச்சூசட்ஸ் வாக்காளர்களை அசைத்தது இந்தக் கணக்குதான்.

பட்டியலின் பொய்யைக் குறைக்க வழி இருக்கிறது. டென்வர், நியூ ஆர்லியன்ஸ் நகரங்கள் 2012லும் வாஷிங்டன் 2014லும் பொது விண்ணப்ப முறைக்கு மாறின. ஒரு குடும்பம், ஒரே விண்ணப்பம். அரசுப் பள்ளி, சார்ட்டர் பள்ளி இரண்டையும் விருப்ப வரிசையில் எழுதினால் கம்ப்யூட்டர் ஒரே ஓர் இடத்தை ஒதுக்கும். ஐ.ஐ.டி., என்.ஐ.டி. இடங்களுக்கு இங்கே நடக்கும் கூட்டுக் கலந்தாய்வு போலத்தான். 2012ல் நோபல் பரிசு பெற்ற ஆல்வின் ராத் போன்றவர்கள் வளர்த்த பொருத்தக் கணிதம் இதற்கு அடிப்படை. பாஸ்டனில் மேயர் மார்ட்டி வால்ஷ் 2015ல் இதே யோசனையை முன்வைத்தார். எதிர்ப்பில் அது முடங்கியது.

இந்தியாவுக்கு இது தூரத்து விவகாரம் அல்ல. 2009ல் இயற்றப்பட்ட கல்வி உரிமைச் சட்டம், தனியார் பள்ளிகளின் தொடக்க வகுப்பில் 25 சதவிகித இடங்களை நலிந்த பிரிவுக் குழந்தைகளுக்கு ஒதுக்குகிறது. சேர்க்கைக்குக் குழந்தையையோ பெற்றோரையோ சோதித்துத் தேர்ந்தெடுக்கக் கூடாது என்கிறது. விண்ணப்பம் அதிகமானால் இங்கும் குலுக்கல்தான். இங்கும் வருமானச் சான்றிதழ் வாங்கத் தாலுகா அலுவலகத்துக்கு நடையாய் நடக்க முடிந்தவரின் பெயர்தான் பெட்டிக்குள் விழுகிறது. கூலி வேலைக்கு ஒரு நாள் லீவு போட முடியாதவரின் பெயர் விழுவதில்லை. இத்தனை லட்சம் விண்ணப்பங்கள் வந்தன என்று சொல்லும் அரசு அறிவிப்பைப் படிக்கும்போது, தகுதி இருந்தும் வராத விண்ணப்பங்கள் எத்தனை என்று கேட்பது அவசியம்.

குலுக்கல் நேர்மையானது. பணக்காரன், ஏழை என்று பந்துக்குத் தெரியாது. ஆனால் பெட்டிக்குள் யாருடைய சீட்டு இருக்கிறது என்பதில் அந்த நேர்மை இல்லை. நல்ல பள்ளி போதாத ஊரில் குலுக்கல், பற்றாக்குறையைப் பங்கு போடுகிறது. பற்றாக்குறையைத் தீர்ப்பதில்லை. வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் பள்ளியே நல்ல பள்ளியாக இருந்தால் ஐந்து வயதுக் குழந்தை எந்தப் பந்துக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை. அதைச் செய்யாமல் பட்டியல் 10 லட்சமா, 6 லட்சமா என்று பெரியவர்கள் வழக்காடிக்கொண்டிருக்கும்போது, அந்தக் குழந்தைக்கு வயது ஏறிக்கொண்டே போகிறது. ஒன்றாம் வகுப்பு யாருக்கும் இரண்டாம் முறை வருவதில்லை.