மாமனாரின் ரஷ்ய லென்ஸ்

போன இதழில் போகிக்குப் பரண் ஒழித்த கதையை எழுதினேன் அல்லவா? அதில் ஒரு சாமானைப் பற்றி மட்டும் வேண்டுமென்றே எழுதாமல் வைத்திருந்தேன். பழந்துணி மூட்டைக்கு அடியில், தோல் உறை உரிந்து போய்க் கிடந்த மாமாவின் கேமரா அது.

என் மாமனார் நெய்வேலி அனல் மின் நிலையத்தில் வேலை பார்த்தவர். 1962-ல் மின் உற்பத்தி ஆரம்பித்த அந்த முதல் நிலையம் சோவியத் நாட்டு ஒத்துழைப்போடு கட்டியது. ரஷ்ய இஞ்சினீயர்கள் குடும்பத்தோடு டவுன்ஷிப்பில் குடியிருந்தார்கள். அவர்களில் ஒருவர் ஊர் திரும்பும்போது மாமாவிடம் கொடுத்துவிட்டுப் போனது இந்த ஜெனிட்-இ கேமரா. என்ன விலை கொடுத்தார் என்று மாமா கடைசி வரை சொல்லவில்லை. அத்தையும் கடைசி வரை கேட்பதை நிறுத்தவில்லை.

பழைய இரும்புக்காரர் வாசலில் நிற்கிறார். நானும் எடைக்குப் போடத்தான் எடுத்தேன். திண்ணையில் உட்கார்ந்திருந்த அத்தை, "ஏம்மா, அதைக் குடுத்துடாதே. உங்க மாமா என்னை அதட்டினதெல்லாம் அதுக்குப் பின்னாடி நின்னுதான்" என்றார். எண்பத்தெட்டு வயசுக்காரி சொன்னால் கேட்க வேண்டாமா? உள்ளே எடுத்து வைத்தேன்.

சித்திரையில் என் மகள் பத்து மாதக் குழந்தையோடு வந்தாள். மாப்பிள்ளை வாங்கித் தந்த கண்ணாடியில்லாத புது மாதிரி கேமரா ஒன்று அவளிடம் இருக்கிறது. மிரர்லெஸ் என்கிறார்கள். மாமாவின் கேமராவைப் பார்த்ததும், "அம்மா, பெட்டி போனா போகட்டும். லென்ஸ் ஹீலியோஸ்!" என்று குதித்தாள். ஷட்டர் செத்துப் போயிருந்தது, ஆனால் லென்ஸ் திருகினால் கழன்று வந்துவிட்டது. ஊறுகாய் ஜாடி மூடி மாதிரி மரைதான், 42 மில்லிமீட்டர் அகலம்.

ஹீலியோஸ் 44-2 என்று இதற்குப் பெயர். மாஸ்கோவுக்குப் பக்கத்தில் கிராஸ்னகோர்ஸ்க் என்ற ஊர்த் தொழிற்சாலையில் செய்தது. ஜெர்மனியின் ஸைஸ் கம்பெனியாருடைய பயோட்டார் என்ற லென்ஸை ஒட்டி, யுத்தத்துக்குப் பிறகு சோவியத்காரர்கள் செய்ய ஆரம்பித்த ஜாதி இது. அந்தத் தொழிற்சாலை லென்ஸ்களில் பொறித்த எண்ணின் முதல் இரண்டு இலக்கம் பெரும்பாலும் செய்த வருஷம். எங்களுடையது 69 என்று ஆரம்பிக்கிறது. லட்சக்கணக்கில் செய்ததால் பழைய சாமான் கடைகளில் இன்றைக்கும் அகப்படுகிறது.

பழைய லென்ஸைப் புதுக் கேமராவில் மாட்ட நடுவில் ஒரு உலோக வளையம் போதும். அடாப்டர் என்று கேட்டால் தருவார்கள். ஏன் வளையம் என்று நானும் கேட்டேன். பழைய கேமராவுக்குள் ஒரு சாய்வுக் கண்ணாடி எழும்பி இறங்க இடம் வேண்டும், அதனால் ஃபிலிமிலிருந்து 45 மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமான தூரத்தில் லென்ஸ் உட்காரும். என் மகளுடைய ஸோனியில் அந்த இடைவெளி 18 மில்லிமீட்டர்தான். மிச்ச தூரத்தை அந்த வளையம் நிரப்புகிறது, அவ்வளவே. உள்ளே வேறு கண்ணாடி எதுவும் வேண்டியதில்லை. கேமரா மெனுவில் 'லென்ஸ் இல்லாவிட்டாலும் க்ளிக் ஆகட்டும்' என்ற அர்த்தத்தில் ஒரு இடம் இருக்கும். அதை ஆன் செய்ய மறக்காதீர்கள். நாங்கள் அது தெரியாமல் அரை நாள் லென்ஸைத் திட்டிக்கொண்டிருந்தோம்.

மாட்டுவதற்கு முன் இன்னொரு வேலை இருந்தது. டார்ச் அடித்துப் பார்த்தால் லென்ஸுக்குள் ஓரத்தில் சிலந்தி வலை போல வெள்ளை இழை. பூஞ்சை! தோல் உறையும் பழந்துணியும் ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு அதற்கு விருந்து வைத்திருக்கின்றன. நான் முந்தானையால் முன் கண்ணாடியை ஒரு அழுத்து அழுத்தித் துடைத்தேன். மகள் கத்தினாள். மேலே பூசியிருக்கும் மெல்லிய பூச்சில் தூசி உராய்ந்து கீறல் விழுமாம். ஒரு கீறல் விழுந்தேவிட்டது, என் கைங்கரியம். முதலில் ரப்பர் பந்து ஊதியால் தூசியைப் போக்கிவிட்டு, பிறகு அதற்கென்றே உள்ள மெல்லிய துணியால் லேசாகத் துடைக்க வேண்டும். உள்ளே இருக்கும் பூஞ்சைக்கு ரிப்பேர்க்காரரிடம்தான் போக வேண்டும். அவர் பிரித்துத் துடைத்துக் கொடுத்தார். ஓரத்தில் மங்கலாக ஒரு தழும்பு நின்றுவிட்டது, படத்தில் தெரியவில்லை.

இப்போது அது மூடி இறுகின டப்பாவில் சிலிக்கா ஜெல் பையோடு இருக்கிறது. அரிசியில் புதைக்காதீர்கள், தூசி ஏறும். சிலிக்கா ஜெல் பொட்டலம் குழந்தை கைக்கு எட்டவே கூடாது. லென்ஸை மூடியில்லாமல் வெயில் படும் ஜன்னலில் வைத்துவிட்டும் போகாதீர்கள். பூதக்கண்ணாடி மாதிரி வெயிலைக் குவித்துத் திரைச்சீலையைப் பொசுக்கிவிடும்.

கைக்குழந்தைக்காரர்கள் ஒன்று கேட்பீர்கள்: பழைய லென்ஸில் கதிரியக்கம் உண்டாமே? சிலவற்றில் உண்டு. 1960-70களின் சில லென்ஸ்களில் தோரியம் கலந்த கண்ணாடி போட்டார்கள். ஜப்பானின் சூப்பர் டாக்குமார் 50 மில்லிமீட்டர், 1.4 லென்ஸில் ஒரு வகை அப்படிப்பட்டது. வருஷம் போகப் போகக் கண்ணாடி டீத்தண்ணீர் நிறத்துக்கு மஞ்சளித்துப் போகும், அதுதான் அடையாளம். நம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் இருக்கிறதே, அதே தோரியம்தான். கேமராவில் மாட்டிப் படம் எடுப்பதில் பயப்பட ஒன்றுமில்லை. அதை உடைத்துப் பொடியாக்கக் கூடாது, கண்ணோடு ஒட்டி வைத்துப் பூதக்கண்ணாடியாக்கக் கூடாது, குழந்தை வாயில் வைக்கவும் கொடுக்கக் கூடாது.

சரி, படத்துக்கு வருவோம். இந்த லென்ஸில் எல்லாம் நம் கைதான். இரண்டு வளையம் துவாரத்துக்கு: ஒன்றில் எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டு, மற்றதைத் திருப்பித் திறந்து மூடலாம். அகல வளையம் ஃபோகஸுக்கு. துவாரத்தை 2-ல் முழுக்கத் திறந்து, ஒரு மீட்டர் தள்ளி நின்று எடுத்தால், தெளிவாக விழுவது கட்டைவிரல் அகலம்தான். குழந்தையின் கிட்டக் கண் தெளிவாயிருந்தால் எட்டக் காது கரைந்துவிடும். தவழும் குழந்தையைத் துரத்திக்கொண்டு வளையத்தைத் திருகினால் நூற்றுக்கு நூறும் மங்கல். மகள் செய்கிற தந்திரம்: தூரத்தை ஒரே இடத்தில் வைத்துவிட்டு, தன் உடம்பை லேசாக முன்னும் பின்னும் சாய்த்துக் கண் தெளியும் கணத்தில் அமுக்குகிறாள். திரையில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து ஃபோகஸ் செய்யவும் வழி உண்டு. பகலில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தால் ஃப்ளாஷ் வேண்டியதேயில்லை. தூங்கும் குழந்தையும் திடுக்கிடாது. குழந்தை ஆடினால் ஷட்டர் வேகம் 250-ல் ஒரு பங்கு வினாடியாவது இருக்கட்டும். ஆரம்பத்தில் துவாரத்தை 4, 5.6 என்று சுருக்கிக்கொள்ளுங்கள், மனசு உடையாது.

என் மனசு உடைந்தது வேறு காரணத்தால். மகள் எடுத்தால் புருவ முடி எண்ணலாம், நான் எடுத்தால் அத்தனையும் பனிமூட்டம். நாற்பதுக்கு மேல் எல்லோருக்கும் வரும் வெள்ளெழுத்துதானே என்று, கண் வைத்துப் பார்க்கும் துளைக்குப் பக்கத்தில் இருக்கும் சின்னச் சக்கரத்தைத் திருப்பினேன். அதற்குள் தெரியும் எழுத்துகள் தெளியும் வரை திருப்ப வேண்டும். கோடி வரை திருப்பியும் தெளியவில்லை. "லென்ஸே சரியில்லை, உங்க தாத்தாவை ரஷ்யாக்காரன் ஏமாத்திட்டான்" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. "அம்மா, இடது கண்ணாலே பாரு" என்றாள். பார்த்தேன். குழந்தையின் இமை ஒவ்வொன்றாக நின்றது. மறுபடி வலது கண், மறுபடி பனி.

இரவில் எதிரே வரும் வண்டி விளக்கைச் சுற்றி வட்டம் தெரிவதும், சமையலறை பல்பு போதவில்லை என்று இரண்டு தரம் மாற்றியதும் அப்போதுதான் ஞாபகம் வந்தது. இரண்டு கண்ணும் சேர்ந்து பார்க்கும்போது நல்ல கண் மற்றதன் குறையை மூடி மறைத்துவிடுகிறது. துளையில் ஒற்றைக் கண்ணை வைத்தபோதுதான் குட்டு வெளிப்பட்டது. கண் டாக்டர் பார்த்துவிட்டு வலது கண்ணில் புரை நன்றாக வளர்ந்துவிட்டது என்றார். ஆடி மாசம் வேண்டாமே என்று நாத்தனார் இழுத்தார். அத்தைதான், "ஆடியிலே கண்ணு தெரிஞ்சா வேண்டாம்னா சொல்லப் போறே?" என்று முடித்து வைத்தார். ஒரே நாளில் வீடு திரும்பினேன்.

கேமரா வேண்டாம் சகோதரிகளே, இன்றைக்கே ஒரு கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு எதிர்ச் சுவர்க் காலண்டரைப் பாருங்கள். பிறகு மற்றக் கண். வித்தியாசம் தெரிந்தால் தள்ளிப் போடாமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

ஆவணியில் அத்தையைக் கொல்லைப்புறம் உட்கார வைத்து, மடியில் கொள்ளுப்பேத்தியோடு நானே எடுத்தேன். பின்னால் தள்ளி மாமரம், இலைகளுக்கு நடுவே வெளிச்சப் புள்ளிகள். ஹீலியோஸின் வேடிக்கை அங்கேதான். துவாரத்தை முழுக்கத் திறந்தால் படத்தின் ஓரத்துப் புள்ளிகள் எலுமிச்சம்பழ வடிவில் நசுங்கி, நடுவை வளைத்துச் சுற்றுகிற மாதிரி விழும். கேமராவின் சென்சார் சிறியதாக இருந்தால் ஓரம் வெட்டுப்பட்டு இந்தச் சுழல் குறைந்து தெரியும். வளையத்தைத் திருகிக்கொண்டே, "அத்தை, அசையாதீங்க" என்று என்னையறியாமல் அதட்டிவிட்டேன்.

படத்தைக் கையில் வாங்கிய அத்தை வெகுநேரம் பார்த்தார். "உங்க மாமா எடுத்ததிலேயும் இப்படித்தான் மரம் சுத்தும். கேமரா கெட்டுப் போச்சு, இதுக்கா இவ்வளவு காசுன்னு நாப்பது வருஷம் திட்டினேன்" என்றார். பிறகு, அந்தப் பழைய ஆல்பம் எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று கேட்டார்.