எல்லாருக்கும் ஒரே அருவி

குற்றாலம் பேரருவியில் குளிக்க யாரும் கட்டணம் செலுத்துவதில்லை. சாரல் காலத்தில் தீப்பெட்டி ஆலைத் தொழிலாளியும் நகைக்கடை முதலாளியும் ஒரே வரிசையில் நின்றுதான் அருவிக்குத் தலை கொடுக்க முடியும். காவலர் விசில் ஊதினால் இருவரும் விலகி அடுத்தவருக்கு இடம் விட வேண்டும். காசுள்ளவருக்கு ஒரு வாசல், இல்லாதவருக்கு ஒரு வாசல் என்று எல்லாமே பிரிந்துவரும் காலத்தில் இது சின்ன விஷயம் அல்ல. மூலிகைக் காற்றையும் மலையழகையும் போலவே இந்தச் சமத்துவமும் குற்றாலத்தின் சொத்து. அந்தச் சொத்து மலையடிவாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கைமாறி வருகிறது. அதை இப்போதே தடுத்து நிறுத்த வேண்டும்.

செங்கோட்டை அருகே குண்டாறு அணைக்கு மேலும், அடவிநயினார் அணை இருக்கும் மேக்கரைப் பக்கமும் தனியார் எஸ்டேட்டுகளுக்குள் அருவிகள் இருக்கின்றன. பொது அருவிகளில் கூட்டம் நெரியும் நாட்களில் ஆட்களை ஜீப்பில் ஏற்றி அங்கே கொண்டுபோய்க் காசு வாங்குவது ஒரு தொழிலாகவே வளர்ந்தது. அதற்கும் மேலே போய், ஓடையை மறித்துத் தண்ணீரைத் திருப்பி, ரிசார்ட்டுக்குள் செயற்கை அருவி கட்டியவர்களும் உண்டு. இது தொடர்பான பொதுநல வழக்கில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரை அமர்வு 2022ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில் கடுமையாகத் தலையிட்டது. இயற்கை நீரோட்டத்தைத் திருப்பிய விடுதிகளைக் கண்டறிந்து நடவடிக்கை எடுக்கும்படி அது உத்தரவிட்டது. மலையடிவாரத்தில் எல்லார் கண்ணுக்கும் தெரிந்த ஒன்றைத் தடுக்க நீதிமன்றப் படியேற வேண்டியிருந்தது என்பதே நிர்வாகத்தின் மீதான குற்றச்சாட்டு.

மறிக்கப்படும் தண்ணீர் யாருடையது என்பதை நினைவில் கொள்ள வேண்டும். குற்றாலத்தில் விழும் அருவி சிற்றாறாகித் தென்காசி வழியே ஓடி, சீவலப்பேரியில் தாமிரபரணியோடு சேர்கிறது. வழியெல்லாம் அணைக்கட்டுகள், கால்வாய்கள், குளங்கள். குண்டாறு அணையின் முழு நீர்மட்டமே 36 அடிதான். நல்ல மழை நாலு நாள் பெய்தால் நிரம்பிவிடும் சிறிய அணை அது. அதற்கு மேலே ஓடையில் கை வைப்பவர், கீழே நாற்றங்காலுக்குத் தண்ணீர் பார்த்திருக்கும் விவசாயியின் வயிற்றில் அடிக்கிறார். ஒருவர் பெயரில் பட்டா இருப்பதால் அந்த நிலத்தைக் கடந்து போகும் ஓடை அவருடையதாகிவிடாது.

காட்டுக்கும் இதே நியாயம்தான். குற்றால மலை தனியாக நிற்கும் ஒரு குன்று அல்ல. அதற்குத் தெற்கே, 1988இல் தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்ட களக்காடு முண்டந்துறை. வடக்கே கடையநல்லூர், சிவகிரி வரை நீளும் நெல்லை வனவிலங்கு சரணாலயம். 2012இல் மேற்குத் தொடர்ச்சி மலை உலக மரபுச் சின்னமானது. 2016இல் அகத்தியமலை, யுனெஸ்கோவின் உலக உயிர்க்கோளக் காப்பகங்களின் வரிசையில் சேர்ந்தது. வடகரை, மேக்கரை, பண்பொழிப் பக்கம் தென்னையையும் வாழையையும் யானைகள் சாய்க்கும் செய்தி ஆண்டுதோறும் வருகிறது. யானை நடக்கும் அடிவாரத்தில் வேலியும் நீச்சல்குளமும் இரவெல்லாம் எரியும் விளக்குமாக விடுதிகள் எழுந்தால், அதற்கான விலையை விடுதி முதலாளி தருவதில்லை. பக்கத்துத் தோப்புக்காரர்தான் தருகிறார்.

சொகுசுச் சுற்றுலாவின் பக்கம் நின்று பேசுகிறவர்களுக்கும் ஒரு வாதம் உண்டு. ஆயிரம் பேர் வந்து ஆளுக்கு நூறு ரூபாய் செலவழிப்பதைவிட, பத்துப் பேர் வந்து ஆளுக்குப் பத்தாயிரம் செலவழிப்பது மலைக்கு நல்லது. நெரிசல் குறையும், குப்பை குறையும், வேலையும் கிடைக்கும் என்கிறார்கள். இதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. சீசனில் அருவிக்கரையில் சேரும் நெகிழிக் குப்பையைப் பார்த்த எவரும் கூட்டத்துக்கு ஒரு வரம்பு வேண்டும் என்றே நினைப்பார்கள். வரம்பு வேண்டும் என்பதில் நமக்கும் மாறுபாடு இல்லை. அந்த வரம்பை எதைக் கொண்டு போடுவது என்பதில்தான் மாறுபாடு. ஆட்களின் எண்ணிக்கையைக் கொண்டு போட்டால் அது பாதுகாப்பு. பணத்தைக் கொண்டு போட்டால் அது அபகரிப்பு.

இந்த வேறுபாட்டை உலகின் மறுகோடியில் தெளிவாகக் காணலாம். பெரு நாட்டில் ஆண்டீஸ் மலையின் இன்கா இடிபாடுகளையும் அமேசான் மழைக்காட்டையும் சேர்த்துக் காட்டும் சொகுசுப் பயணங்களுக்கு உலகெங்கும் பெயர் உண்டு. லட்சக்கணக்கில் செலவழித்துப் போகிறவர்கள்கூட அங்கே விதிக்குக் கட்டுப்பட்டே ஆக வேண்டும். மச்சு பிச்சுவுக்கு நடந்து செல்லும் இன்கா பாதையில் சுமைதூக்குவோர், வழிகாட்டிகள் எல்லாரையும் சேர்த்து ஒரு நாளைக்கு 500 பேருக்குத்தான் அனுமதி. உரிமம் பெற்ற நிறுவனத்தின் மூலமாகத்தான் போக முடியும். பிப்ரவரி மாதம் முழுவதும் பாதை மூடப்படும். எவ்வளவு பணம் கொடுத்தாலும் அந்த மாதம் திறக்காது. மச்சு பிச்சுவுக்குள்ளும் நாள் ஒன்றுக்கு இத்தனை பேர், இன்ன நேரம், இன்ன வழி என்று கணக்கு உண்டு.

அமேசான் பக்கம் இன்னொரு பாடம் கிடைக்கிறது. தம்போபத்தா ஆற்றங்கரையில் இன்ஃபியெர்னோ என்ற ஊரின் மக்கள் 1996இல் ஒரு சுற்றுலா நிறுவனத்தோடு 20 ஆண்டு ஒப்பந்தம் போட்டார்கள். அவர்களில் எசே எகா பழங்குடியினரும் உண்டு. போசாதா அமசோனாஸ் என்ற பெயரில் எழுந்த அந்த விடுதியின் லாபத்தில் 60 விழுக்காடு ஊருக்கு, 40 விழுக்காடு நிறுவனத்துக்கு என்பது ஏற்பாடு. காட்டைக் காத்தவர்கள் அறை துடைக்கும் கூலிகளாகாமல் பங்காளிகளாக உட்கார்ந்தார்கள். பெருவில் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்று சொல்ல வரவில்லை. மச்சு பிச்சு நுழைவுச்சீட்டு விற்பனையை ஒரு தனியார் நிறுவனத்திடம் ஒப்படைத்ததை எதிர்த்து 2024 ஜனவரியில் உள்ளூர் மக்கள் போராடி, ரயில் போக்குவரத்தே நின்றது. பொதுச்சொத்தின் வாசலில் தனியார் நிற்பதை அந்த ஊரும் ஏற்கவில்லை.

அவ்வளவு தூரம் போகவும் தேவையில்லை. நமக்குப் பக்கத்தில் தேக்கடி இருக்கிறது. காட்டுக்குள் புகுந்து மரப்பட்டை திருடிப் பிழைத்தவர்களைப் பெரியாறு புலிகள் காப்பகம் 1990களின் பிற்பகுதியில் ஒரு குழுவாக்கி, சுற்றுலாப் பயணிகளுக்கு வழிகாட்டிகளாகவும் காட்டின் காவலர்களாகவும் மாற்றியது. காட்டின் ஒவ்வொரு தடத்தையும் அறிந்தவர்களுக்கு அந்த அறிவே பிழைப்பானது. அந்த ஏற்பாடு பல ஆண்டுகளாக நிலைத்து நிற்கிறது.

தமிழ்நாட்டிலும் ஒரு தொடக்கம் உண்டு. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறச் சென்றவர்கள் காட்டுத்தீயில் சிக்கிப் பலர் உயிரிழந்த பிறகு, மலையேற்றத்துக்கு விதிமுறைகள் வந்தன. 2024 அக்டோபரில் 14 மாவட்டங்களில் 40 பாதைகளோடு வனத்துறையின் மலையேற்றத் திட்டம் தொடங்கியது. இணையத்தில் முன்பதிவு, பயிற்சி பெற்ற வழிகாட்டிகள், அவர்களில் பழங்குடி இளைஞர்களுக்கும் மலையடிவாரத்து இளைஞர்களுக்கும் இடம் என்பது அதன் அமைப்பு. நல்ல அடித்தளம் இது. குற்றாலம் செண்பகாதேவி அருவிக்கான பாதையும் அதில் இடம்பெற்றது. ஆனால் வழிகாட்டிக்குக் கிடைக்கும் கூலியோடு ஊரின் பங்கு முடிந்துவிடக் கூடாது. வாசுதேவநல்லூருக்கு மேலே தலையணையிலும் அதையொட்டிய மலைகளிலும் வாழும் பளியர் பழங்குடியினருக்கு 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் காட்டின் மீது உரிமை அளித்திருக்கிறது. அவர்களுடைய மலையைக் காட்டி வரும் வருமானத்தில் அவர்களுக்கும் அவர்களுடைய கிராமசபைக்கும் எழுத்துப்பூர்வமான பங்கு இருக்க வேண்டும்.

எல்லாவற்றையும் பூட்டிவிடுவது தீர்வாகாது. தேனருவிக்கும் செண்பகாதேவிக்கும் நினைத்தபோது நடந்துபோன தலைமுறை இந்த ஊரில் இன்னும் இருக்கிறது. பாதைக்குப் பூட்டுப் போட்டால், கடைசியில் சிபாரிசு உள்ளவருக்கு மட்டும் அது திறக்கும். ஐந்தருவிக்குப் பக்கத்தில் தோட்டக்கலைத் துறையின் பொறுப்பில் ஒரு பழத்தோட்ட அருவி இருக்கிறது. மக்கள் அதை ‘வி.ஐ.பி. அருவி’ என்றே அழைக்கிறார்கள். குடிமக்களின் வரிப்பணத்தில் நிற்கும் தோட்டத்துக்குள் விழும் தண்ணீருக்கு இப்படி ஒரு பெயர் நிலைத்திருப்பது மக்களாட்சிக்குப் பெருமை தராது. பாதுகாப்புக்காகத்தான் மூடுகிறோம் என்றால் எல்லாருக்கும் மூடட்டும். திறக்கலாம் என்றால் நாளைக்கு இத்தனை பேர் என்று குலுக்கல் போட்டு எல்லாருக்கும் திறக்கட்டும்.

தென்காசி மாவட்டம் அருவியை மட்டுமே நம்பி நிற்க வேண்டியதும் இல்லை. சாரலுக்கு வருகிறவர்களில் பலர் குளித்து முடித்து, பிரானூர் பார்டரில் சாப்பிட்டு, அன்றைக்கே ஊர் திரும்பிவிடுகிறார்கள். பேரருவிக்கு எட்டும் தூரத்தில் சித்திர சபை இருப்பது அவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? நடராசரின் ஐந்து சபைகளில் ஒன்றான அங்கே இறைவனை ஓவியமாகவே வழிபடுகிறார்கள். சேர்ந்தமரம் அருகே திருமலைபுரத்தில் முற்காலப் பாண்டியர் குடைவரையும், மங்கிப்போன அதன் ஓவியங்களும் இருக்கின்றன. மாவட்டத்தின் இன்னொரு ஊரான திருமலாபுரத்தில் மாநிலத் தொல்லியல் துறை 2024இல் தொடங்கிய அகழாய்வில் இரும்புக்கால ஈமத்தாழிகளும் கற்பலகைகளால் ஆன ஈமச்சின்னமும் வெளிப்பட்டன. நெற்கட்டும்செவலில் பூலித்தேவரின் நினைவு இருக்கிறது. 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த செங்கோட்டை, வாஞ்சிநாதன் பிறந்த ஊர். 1904இல் திறந்த மலைரயில் பாதையின் வாசல். ஆண்டீஸ் போகிறவர்கள் தேடுவதும் இதைத்தான். மழைக்காடும் பழைய கல்லும் இங்கே ஒரு நாள் பயண தூரத்துக்குள் கிடைக்கின்றன. இவற்றைச் சேர்த்து, உள்ளூர்ப் பட்டதாரிகளுக்குப் பயிற்சி கொடுத்து, அரசுப் பேருந்திலேயே சுற்றிக்காட்டினால் அருவிக்கரை நெரிசல் பிரியும். வருகிறவர் ஒரு நாள் கூடுதலாகத் தங்குவார். அந்தக் காசு தெருக் கடைக்கும் போகும்.

தென்காசி காசி விசுவநாதர் கோயிலை 15ஆம் நூற்றாண்டில் எழுப்பிய பராக்கிரம பாண்டியன், இந்தக் கோயிலைப் பின்னாளில் பேணிக் காப்பவர்களின் காலில் விழுவதாகக் கல்லில் எழுதிவைத்தான். கட்டியவன் அரசன், ஆனாலும் காப்பவர்களே பெரியவர்கள் என்று அவன் நினைத்தான். மலைக்கும் அருவிக்கும் இன்று அந்தப் பொறுப்பில் இருப்பது அரசும் நாமும்.

பாதுகாப்பும் அந்தப் பொறுப்பில் அடங்கும். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென்று வந்த வெள்ளம் 17 வயதுச் சிறுவன் ஒருவனை அடித்துச் சென்றது. அடிவாரத்தில் வெயில் அடிக்கும்போதே மலைக்கு மேலே கொட்டிய மழை சில நிமிடங்களில் அருவியாக வந்து சேரும். பொது அருவியிலேயே நிலைமை இப்படி என்றால், காவலரும் அபாயச் சங்கும் இல்லாத எஸ்டேட் அருவியில் குளிக்கிறவருக்கு யார் பொறுப்பு?

ஆகவே அரசு செய்ய வேண்டியவை தெளிவாகவே இருக்கின்றன. முதலாவதாக, மலையடிவாரத்தின் எல்லா ஓடைகளையும் வருவாய்த்துறை வரைபடத்தோடு ஒப்பிட்டு அளந்து, திருப்பப்பட்ட ஒவ்வொன்றையும் பழைய தடத்துக்குக் கொண்டுவர வேண்டும். அளந்த விவரத்தை மக்கள் பார்க்கும்படி வெளியிட வேண்டும். இரண்டாவதாக, காட்டுப் பாதைகளுக்கு நாள் வரம்பும் ஓய்வுக் காலமும் வைத்து, கட்டணத்தை எளியவர் தரக்கூடிய அளவில் நிறுத்த வேண்டும். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அதில் தனி ஒதுக்கீடு வேண்டும். மூன்றாவதாக, வருமானத்தில் பளியர்களுக்கும் அடிவார ஊர்களுக்கும் உரிய பங்கை அரசாணையாகவே போட வேண்டும். நான்காவதாக, எல்லா அருவிகளுக்கும் மேலே மழைமானியும் கரையில் அபாயச் சங்கும் வேண்டும். ஐந்தாவதாக, பேரருவியிலும் ஐந்தருவியிலும் பழைய குற்றாலத்திலும் குளிக்கக் கட்டணம் இல்லை என்ற நிலை எந்தத் துறையின் கைக்குப் போனாலும் மாறக் கூடாது.

2019 நவம்பர் 22 அன்று பிறந்த இளம் மாவட்டம் தென்காசி. சுற்றுலா எந்த வழியில் வளரும் என்பது இங்கே இன்னும் முடிவாகிவிடவில்லை. ஒரு முறை ரிசார்ட்டுகளின் வேலிக்குள் போய்விட்ட ஓடையை மீட்க எத்தனை ஆண்டுகள் வழக்காட வேண்டும் என்பதை இந்த மாநிலம் அறியும். அடுத்த ஆனிச் சாரல் தொடங்குவதற்கு முன் தமிழ்நாடு அரசு இந்த ஐந்தையும் கொள்கையாக அறிவிக்க வேண்டும். அறிவிக்கும் வரை தென்காசி மக்கள் விடாமல் கேட்க வேண்டும்.