சுத்தியலை எடுப்பதற்கு முன்

நீலகிரியில் புதிதாக ஒரு கட்டடம் எழுப்புவது இலேசான காரியமல்ல. மலை நகரங்களுக்கென்று 1993-ல் தனிக் கட்டட விதிகள் வந்தன. கட்டடத்தின் உயரத்துக்கு வரம்பு உண்டு. சரிவில் மண்ணைத் தோண்டும் இயந்திரத்தை ஓட்டுவதற்கு அனுமதி வேண்டும். காட்டை ஒட்டிய நிலமானால் இன்னும் பல இலாகாக்களின் சம்மதம் வேண்டும். ஆகையால் விடுதி நடத்த விரும்புகிறவர்கள் சுலபமான வழியைக் கண்டுகொண்டார்கள். பழைய பங்களா ஒன்றை விலைக்கோ குத்தகைக்கோ எடுத்து, உள்ளும் புறமும் புதுப்பித்து, வாசலில் பெயர்ப் பலகையை மாட்டி விடுகிறார்கள். உதகமண்டலம், குன்னூர், கோத்தகிரி ஆகிய மூன்று ஊர்களிலும் சீசனுக்கு முந்திய மாதங்களில் சுத்தியல் சத்தத்துக்குப் பஞ்சமில்லை.

மலையைக் காப்பாற்ற வந்த விதிகளைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் புதுச் சுவர் எங்கே எழும்புகிறது என்று பார்க்கிற கண், பழைய கூரை எப்படி உடைபடுகிறது என்று பார்ப்பதில்லை. அந்தக் கூரையில் இருப்பது பெரும்பாலும் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்.

ஆஸ்பெஸ்டாஸுக்குக் கல்நார் என்று தமிழில் பொருத்தமான பெயர் உண்டு. கல்லாய் வெட்டி எடுத்து, நாராய்ப் பிரிக்கக் கூடிய பொருள் அது. தீயில் எரியாது, துருவேறாது, செல்லரிக்காது. ஆஸ்திரியாவைச் சேர்ந்த ஹாட்செக் என்பவர் சிமெண்டோடு இந்த நாரைக் கலந்து தகடாக்கும் முறைக்கு 1901-ல் உரிமை பெற்றார். அதன் பிறகு உலகமெங்கும் ஏழையின் கூரை இதுவாயிற்று. தமிழ்நாட்டிலும் கோவையை அடுத்த போத்தனூரில் 1950-களிலும், அரக்கோணத்தில் 1967-லும் ஷீட் ஆலைகள் வந்தன. போத்தனூர் மலையடிவாரத்துக்குப் பக்கம். லாரியில் ஏற்றினால் அன்றைக்கே குன்னூர் வந்துவிடும்.

மலைவாசிகள் இதை விரும்பியதில் ஆச்சரியமில்லை. மங்களூர் ஓட்டைக் குரங்குகள் புரட்டிப் போடும். துத்தநாகத் தகடு இரண்டு பருவ மழையிலும் நனைந்து துருப்பிடிக்கும். அதன்மேல் மழை பெய்தால் வீட்டுக்குள் பேசுவது காதில் விழாது. ஷீட்டில் இந்தத் தொல்லைகள் குறைவு. தேயிலைத் தோட்டத்து லயன்களிலும் ஆலைகளிலும் பள்ளிக்கூடங்களிலும் அது ஏறிக்கொண்டது.

இங்கே ஒரு தப்பெண்ணத்தைக் களைய வேண்டும். வெள்ளைக்காரர் காலத்துப் பங்களா என்றால் அதில்தான் அபாயம் அதிகம் என்று சிலர் நினைக்கிறார்கள். சல்லிவன் துரை 1822-ல் உதகையில் கல் பங்களாவைக் கட்டத் தொடங்கியபோது இந்தச் சரக்கே சந்தையில் கிடையாது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுந்த சுவரும் உத்தரமும் அநேகமாகக் குற்றமற்றவை. பின்னால் வந்த ரிப்பேர்களில்தான் விஷமம். சமையற்கட்டை நீட்டியபோது போட்ட கூரை, கார் கொட்டகை, வேலைக்காரர் குடியிருப்பு, குளிர் தெரியாமலிருக்கப் பழைய கூரைக்கு அடியில் அடித்த தட்டிப் பலகை, கணப்பு அடுப்பின் புகைக்குழாய், வெந்நீர் பாய்லரைச் சுற்றிய வெள்ளைப் பூச்சு, ஆலைகளில் உலைக் கதவின் விளிம்பில் வைத்த கயிறு ஆகிய எதிலும் கல்நார் இருக்கலாம். வெறும் கண்ணால் பார்த்து உண்டு, இல்லை என்று தீர்ப்புச் சொல்ல எந்த மேஸ்திரியாலும் முடியாது. சோதித்துப் பார்க்க வேண்டும் என்பது அதனால்தான்.

இருந்தால் என்ன என்று கேட்பவர்களுக்கு நூறு வருஷத்துச் சரித்திரம் பதில் சொல்கிறது. இங்கிலாந்தில் ராச்டேல் என்ற ஊரில் கல்நார் ஆலையில் வேலை செய்த நெல்லி கெர்ஷா 1924-ல் மாண்டாள். வயது முப்பத்து மூன்று. அவள் நுரையீரலில் நார்த் துகள்கள் புதைந்திருந்ததை வைத்தியர்கள் கண்டார்கள். 1960-ல் தென் ஆப்பிரிக்காவில் வாக்னர் என்ற டாக்டரும் அவருடைய சகாக்களும், நுரையீரலைச் சுற்றிய மெல்லிய உறையில் வரும் அபூர்வமான புற்றுநோய்க்கும் இந்த நாருக்கும் உள்ள தொடர்பை எழுதினார்கள். அவர்கள் பார்த்த நோயாளிகளில் சுரங்கத் தொழிலாளிகள் மட்டுமல்ல, சுரங்கத்துக்குப் பக்கத்தில் வெறுமே குடியிருந்தவர்களும் இருந்தார்கள். நீலம், பழுப்பு, வெள்ளை ஆகிய எல்லா வகைக் கல்நாரும் புற்றுநோய் உண்டாக்கக் கூடியவை என்பது இன்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் முடிவு. சுவாசத்தோடு போன நார் முழுவதும் வெளியே வந்துவிடுவதில்லை. நோய் தலைகாட்ட இருபது, முப்பது, நாற்பது வருஷங்கள்கூட ஆகும். புகை பிடிக்கிறவனுக்கு அபாயம் பல மடங்கு.

இதைக் கேட்டுப் பதறிக்கொண்டு கூரையைப் பிடுங்க ஓடுகிறவர்களையும் தடுத்து நிறுத்த வேண்டும். விரிசலில்லாமல் சாயம் பூசிக் கிடக்கிற ஷீட் பெரிதாக ஒன்றும் செய்யாது. அதன் நார் சிமெண்டுக்குள் கட்டுண்டிருக்கிறது. உடைக்கும்போதும், துளை போடும்போதும், ரம்பத்தால் அறுக்கும்போதும்தான் அது அவிழ்கிறது. மலையில் இன்னொரு வழக்கமும் உண்டு. ஈரத்தில் கூரை மீது பாசி படரும். அதைக் கம்பிப் பிரஷ்ஷால் வறட் வறட்டென்று சுரண்டுவார்கள். அதுவும் ஆகாது. வெள்ளைக் கல்நாரைச் சிமெண்டில் கலந்துவிட்டால் அபாயமில்லை என்று ஷீட் வியாபாரிகள் சொல்லி வருகிறார்கள். கூரையில் கிடக்கும் வரையில் அந்த வாதத்தில் கொஞ்சம் சத்து உண்டு. சுத்தியல் விழுந்தபின் இல்லை.

சுப்ரீம் கோர்ட் 1995-ல் தந்த தீர்ப்பு பிரசித்தமானது. கல்நார் ஆலைத் தொழிலாளியின் உடல்நலக் குறிப்பை அவன் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து நாற்பது ஆண்டுகளோ, வேலையைவிட்டு நின்றபின் பதினைந்து ஆண்டுகளோ, எது பிந்தியதோ அதுவரை பாதுகாக்க வேண்டும். நோய் கண்டவனுக்கு ஒரு லட்சம் ரூபாய் நஷ்டஈடு தர வேண்டும் என்றது கோர்ட். அருமையான தீர்ப்புதான். ஆனால் ஆலையில் ஷீட்டைச் செய்தவனுக்கு ஏடு உண்டு. குன்னூரில் அதை உடைத்தவனுக்கு ஏது? இன்று மலையில் கட்டட வேலைக்கு வருகிறவர்களில் பலர் சமவெளியிலிருந்தும் வட மாநிலங்களிலிருந்தும் வந்த வாலிபர்கள். இரண்டு மாதம் வேலை செய்து, கூலியை வாங்கிக்கொண்டு, வேறு ஊருக்குப் போய்விடுவார்கள். முப்பது வருஷம் கழித்து ஜார்க்கண்டில் ஏதோ ஒரு ஆஸ்பத்திரியில் மூச்சுத் திணறலோடு படுத்திருப்பவனிடம், ஊட்டியில் எந்த விடுதியின் கூரையைப் பிரித்தாய் என்று எந்த டாக்டர் கேட்கப் போகிறார்?

உடைந்த ஷீட் குப்பைக்குப் போவதாக நினைத்தால் அதுவும் தவறு. அரைகுறையாய்த் தப்பிய துண்டுகளைக் கூலியாட்கள் கேட்டு வாங்கிக் கொள்வார்கள். கோழிக் கூட்டுக்கும் மாட்டுக் கொட்டகைக்கும் குளியலறைக்கும் அவை கூரையாகும். மிச்சத்தை ஓடைச் சரிவில் கொட்டுவார்கள். முதலாளியின் தாராள மனசு என்று அதற்குப் பெயர்!

தடை செய்துவிட்டால் போயிற்றே என்பவர்களுக்கு இலங்கையின் கதை உண்டு. 2018 ஜனவரி முதல் கல்நார் இறக்குமதியை நிறுத்துவதென்று அந்நாடு தீர்மானித்திருந்தது. 2017 டிசம்பரில், தேயிலைப் பெட்டி ஒன்றில் வண்டு இருந்ததென்று சொல்லி ரஷ்யா இலங்கைத் தேயிலையை நிறுத்தி வைத்தது. கல்நாரைப் பெருவாரியாக ஏற்றுமதி செய்யும் நாடு ரஷ்யாதான். கொழும்பு சில நாட்களுக்குள் கல்நார் தடையைத் தள்ளி வைத்தது. தேயிலைக்கும் வழி திறந்தது. வண்டின் மீது யாருக்கும் அவ்வளவாக நம்பிக்கை பிறக்கவில்லை. தேயிலையை நம்பி வாழும் நீலகிரிக்கு இந்தக் கதை நன்றாகவே புரியும். இந்தியாவும் வருஷத்துக்கு மூன்று லட்சம் டன்னுக்கு மேல் கல்நாரை இறக்குமதி செய்கிறது. பூரணத் தடை கேட்டவர்களுக்கு 2011-ல் சுப்ரீம் கோர்ட்டும் இசையவில்லை. டில்லியில் தடை வரும் வரை குன்னூரில் சும்மா இருக்க வேண்டுமென்பதில்லை.

பிரிட்டன் 1999-ல் வெள்ளைக் கல்நாரையும் தடுத்துவிட்டது. ஆயினும் பழைய கட்டடங்கள் நிற்கின்றன அல்லவா? ஆகவே கடைகள், விடுதிகள், ஆபீஸ்கள் போன்றவற்றின் பொறுப்பாளர் கல்நார் எங்கே இருக்கிறது என்று ஏடு வைத்திருக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். புதுப்பிப்பதற்கும் இடிப்பதற்கும் முன் அதற்கென்றே ஒரு சோதனை நடக்கும். பலகைக்குப் பின்னாலும் தரைக்கு அடியிலும் பார்ப்பார்கள். சந்தேகமான இடத்தில் தண்ணீர் தெளித்து, விரல் நகமளவு துண்டு எடுத்து, இரட்டைப் பையில் கட்டி, பூதக்கண்ணாடிச் சாலைக்கு அனுப்புவார்கள். இது ராக்கெட் விடுகிற வித்தையல்ல. அகமதாபாத்தில் தொழில்சார் ஆரோக்கியத்துக்கென்றே தேசிய ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. பெரு நகரங்களில் சோதனைச் சாலைகளும் உண்டு. விடுதி அறைக்கு மாட்டும் ஒரு பெரிய டெலிவிஷனின் விலையைவிடச் சோதனைச் செலவு அதிகமிராது.

சோதனையில் கல்நார் தெரிந்தால், தொட வேண்டாததைத் தொடாமல் சாயம் பூசி மூடிவிடலாம். எடுத்தே ஆக வேண்டியதை நனைத்து, போல்டைக் கழற்றி, முழு ஷீட்டாக இறக்கி, பாலிதீனில் சுற்றி அனுப்ப வேண்டும். ஆளுக்குத் தகுந்த முகமூடி வேண்டும்; கைக்குட்டை போதாது. விளக்குமாறு கூடவே கூடாது. கல்நார்க் கழிவை எப்படி ஒழிப்பது என்பதற்கு இந்தியத் தரக் குறிப்பே 1986-லிருந்து இருக்கிறது. படித்த மேஸ்திரியைத்தான் காணோம்.

பிளாஸ்டிக் பையோடு வருகிறவனை இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் தடுத்து வரும் ஜில்லா இது. எத்தனை கார் மலை ஏறுகிறதென்று எண்ணுவதற்காக ஹைகோர்ட் உத்தரவின்படி 2024 மே 7 முதல் இ-பாஸ் முறையும் வந்தது. அவ்வளவு கண்டிப்பு உள்ள இடத்தில், கட்டட அனுமதி விண்ணப்பத்தில் இன்னும் ஒரு கேள்வி சேர்ப்பது பெரிய பாரமாகாது. பிரிக்கப் போகும் கூரை எதனால் ஆனது, சோதித்தவர் யார், பிரித்தது எங்கே போகும் என்பது அந்தக் கேள்வி. நகராட்சி கேட்டால் காண்டிராக்டர் விடுதிக்காரரைக் கேட்பார். காண்டிராக்டர் கேட்டால் ஏணியில் ஏறப் போகிற பையனுக்கு முகமூடி கிடைக்கும்.