இலவசப் புத்தகம்தான், ஆனால் யாருக்கு?



கட்டபெட்டு பஸ் நிறுத்தத்தில் பழைய மாணவி ஒருத்தியைப் பார்த்தேன். தபால் வழியில் உளவியல் பட்டம் படிக்கிறாளாம். "புத்தகம் வாங்கக் கட்டுப்படியாகலை சார், ஜெராக்ஸ் நோட்ஸ்தான்" என்றாள்.

வீட்டுக்கு வந்து பேரனை உட்காரவைத்துத் தேடினேன். அமெரிக்காவில் ரைஸ் பல்கலைக்கழகத்தின் ஓபன்ஸ்டாக்ஸ் 2014இல் ஒரு உளவியல் பாடநூல் வெளியிட்டது. 2020இல் இரண்டாம் பதிப்பு. முழுப் புத்தகமும் இலவசம். இக்னோவின் ஈஞானகோஷ் தளத்திலும் உளவியல் பாடங்கள் காசில்லாமல் கிடைக்கின்றன. இரண்டையும் அனுப்பினேன். "இங்கிலீஷ் புரியலை சார்" என்று பதில் வந்தது. தமிழ் வழியில் படித்த பிள்ளை. அவளுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தவர்களில் நானும் ஒருவன்.

விலை இல்லாவிட்டால் மட்டும் போதாது, பிள்ளைக்குப் புரிய வேண்டும். அந்த அமெரிக்கப் புத்தகத்தை, மூலத்தைக் குறிப்பிட்டு யாரும் மொழிபெயர்க்கலாம், உதாரணங்களையும் மாற்றலாம். தனி அனுமதி தேவையில்லை. ஆசிரியர் பயிற்சியில் பாவ்லோவின் நாயை மனப்பாடம் செய்தவன் நான். மத்தியானம் தேயிலை ஃபேக்டரி சங்கு ஊதினாலே பசிக்குமே, அதைச் சொல்லியிருந்தால் அன்றே விளங்கியிருக்கும்!

மொத்தம் 16 அத்தியாயங்கள். உங்களில் உளவியல், சமூகப்பணி, நர்சிங் படித்தவர்கள் ஆளுக்கொன்று எடுங்கள். ஒற்றுப்பிழை திருத்துவது என் வேலை. சிவப்புப் பேனா இன்னும் கைவசம் இருக்கிறது. 6ஆம் அத்தியாயம், 'கற்றல்', நான் தொடங்கிவிட்டேன். மற்றதில் எது வேண்டும் என்று கீழே எழுதுங்கள்.